முத்துக்குளிப்பு முகாம்: அறிவிப்பை நம்பிக் கூடிய ஊர்

முத்துக்குளிப்பு முகாம் என்பது, மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துச்சிப்பி எடுக்கும் பருவத்தில் கடற்கரை மணலில் எழுந்து, பருவம் முடிந்ததும் கலைந்துபோன தற்காலிக ஊராகும். தூத்துக்குடியை மையமாகக் கொண்ட தமிழகக் கரையிலும், மன்னாருக்குத் தெற்கே உள்ள இலங்கைக் கரையிலும் இத்தகைய முகாம்கள் பல நூற்றாண்டுகள் அமைந்துவந்தன. சில வாரங்களே நீடித்த இந்த ஊர்களில் குளியாளிகள், படகுக்காரர்கள், வணிகர்கள், கடைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எனப் பல்லாயிரம் பேர் கூடினர்.

இன்று ஒரு கல்லூரியில் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது என்றால், வெளியூர் அணிகளுக்கும் பார்வையாளர்களுக்கும் சுற்றறிக்கை முன்கூட்டியே போய்விடுகிறது. எந்த நாள், எந்த மைதானம், எப்படி வருவது, எங்கே தங்குவது, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, விதிகள் என்ன என்பன அதில் இருக்கும். முத்துக்குளிப்புக்கும் இதே கேள்விகள் இருந்தன. ஆனால் அங்கே வருபவர்களின் ஓராண்டுப் பிழைப்பும் சில வேளைகளில் உயிரும் அந்த விடைகளைச் சார்ந்திருந்தன. முத்துக்குளிப்பின் வரலாறு பெரும்பாலும் முத்தின் வரலாறாகவும் அரசர்களின் வருவாய் வரலாறாகவும் எழுதப்படுகிறது. வந்து கூடியவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன செய்து தரப்பட்டது என்ற பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பருவமும் பார்களும்

முத்துச்சிப்பிகள் கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளில் ஒட்டி வளர்கின்றன. இத்திட்டுகளைக் கடலோர மக்கள் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. இப்பகுதிப் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் மாதங்களே குளிப்புக்கு ஏற்றவை. இலங்கைக் கரையில் பிப்ரவரி முதலும், தூத்துக்குடிக் கரையில் மார்ச்சு முதலும் குளிப்பு தொடங்குவது வழக்கம்.

கோயில் திருவிழாவைப் போல முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் வருவதன்று. சிப்பிக் குஞ்சுகள் ஓராண்டு பாரில் நிறைந்திருக்கும்; மறு ஆண்டு காணாமற்போகும். மணல் மூடுதல், மீன்கள் தின்றுவிடுதல், 'சூரன்' எனப்படும் வேறுவகைச் சிப்பி பாரின்மேல் பரவுதல் ஆகியன இதற்குரிய காரணங்களாகச் சொல்லப்பட்டன. தூத்துக்குடிக் கரையில் 1830ஆம் ஆண்டுக் குளிப்புக்குப்பின் அடுத்த குளிப்பு 1860இல்தான் நடந்தது. 1862க்குப்பின் 1889 வரை 27 ஆண்டுகள் குளிப்பு இல்லை.

இந்த இடைவெளியின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். 1862இல் கடலில் மூழ்கிய இளைஞர் 1889இல் நடுவயதைக் கடந்திருப்பார். அவருடைய மகன் ஒரு குளிப்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். திருவிழாவென்றால் நாளும் வழியும் ஊருக்கே தெரியும். முத்துக்குளிப்புக்கு அப்படிப்பட்ட ஊர் நினைவு போதாது. எப்போது, எங்கே என்பதை யாராவது அறிவித்தாக வேண்டும். அறிவிக்கும் உரிமை யாரிடம் இருந்ததோ அவரிடமே குளிப்பின் அதிகாரமும் இருந்தது.

தொன்மை

தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளசு, இக்கரையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. ஆற்று வண்டல் படிந்து கடல் பின்வாங்கியதால் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியுள்ளது. துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து குளியாளிகளைக் கூலிக்கு அமர்த்தியதையும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு தரப்பட்டதையும் குறிப்பிடுகிறார். சுறா முதலிய மீன்கள் தாக்காதபடி மந்திரம் செய்தவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனது. பிற்காலத்தில் இவர்கள் 'கடல்கட்டி' எனப்பட்டனர். பிரித்தானிய அரசும் கடல்கட்டியைச் செலவு கொடுத்து அமர்த்தியது. அதிகாரிகள் அதை நம்பினார்களா என்பது முக்கியமன்று. கடல்கட்டி இல்லாவிட்டால் குளியாளிகள் மூழ்க மாட்டார்கள் என்பதால் அது முகாமின் ஏற்பாடுகளில் ஒன்றாயிற்று.

போர்த்துக்கீசியர் காலத்து ஓலை ஊர்

1530களில் இக்கரையின் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கராயினர். 1560களில் இப்பகுதிக்கு வந்த வெனிசு நகர வணிகர் சீசர் பெதரிச்சி, முகாம் உருவாகும் முறையைத் தெளிவாக எழுதியுள்ளார். முதலில் தேர்ந்த குளியாளிகள் சென்று சிப்பி மிகுந்த இடத்தைக் கண்டறிவார்கள். அதற்கு நேர் எதிரே உள்ள கரையில் வீடுகளும் கடைத்தெருவுமாக ஓர் ஊர் எழும். அது சில வேளை மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலும், சில வேளை வெகுதொலைவிலும் அமையும். குளிப்பு முடியும்வரை தேவையான பொருள்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ஆயுதம் தாங்கிய படகுகள் நிற்கும்.

இவ்விவரத்திலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. முகாமின் இடத்தை முடிவு செய்தது சிப்பியே. மக்களின் வசதி அன்று. அதனால் தண்ணீரோ நிழலோ இல்லாத இடத்தில்கூட ஊர் எழ வேண்டியிருந்தது. இரண்டாவதாக, எங்கே சிப்பி இருக்கிறது என்ற செய்தி அக்காலத்தில் குளியாளிகளிடமிருந்தே முதலில் வந்தது.

ஒல்லாந்தர் காலம்

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் சோதனைக் குளிப்பு அரசு நடைமுறையாயிற்று. ஆண்டின் தொடக்கத்தில் சில படகுகள் அனுப்பப்படும். அவை கொண்டுவரும் சிப்பிகளிலிருந்து கிடைக்கும் முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று கணக்கிடுவர். மதிப்பு போதாவிட்டால் அவ்வாண்டு குளிப்பு இல்லை. போதுமென்றால் கரையெங்கும் அறிவிப்பு செல்லும். குறித்த நாளில் படகுகளும் வணிகர்களும் வந்து சேர்வார்கள். கொழும்பிலிருந்து ஒல்லாந்த அதிகாரிகள் வருவார்கள். பீரங்கி முழக்கத்தோடு குளிப்பு தொடங்கும்.

வரி 'கல்' கணக்கில் இருந்தது. குளியாளி விரைவாகக் கீழே செல்லக் காலில் மாட்டிக்கொள்ளும் கல்லே இங்கு அளவு. மதுரை நாயக்கர், இராமநாதபுரம் சேதுபதி, பரதவரின் சாதித் தலைவர் முதலியோருக்கு வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. கிறித்தவப் பரதவர்களோடு காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் இசுலாமியக் குளியாளிகளும் வணிகர்களும் இம்முகாம்களில் பங்கு பெற்றனர்.

பிரித்தானிய அரசின் அறிவிப்பு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் இரு கரைகளையும் கைப்பற்றினர். இலங்கையில் தொடக்கத்தில் குளிப்பு குத்தகைக்கு விடப்பட்டது. பின்னர் அரசே நேரடியாக நடத்தியது. அச்சு வந்த பிறகு அறிவிப்பு எழுத்து வடிவம் பெற்று அரசிதழில் வெளியானது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு வெளியிட்ட இத்தகைய அறிவிப்புகள், வருவோருக்கான வழிகாட்டிபோலவே அமைந்துள்ளன. குளிப்பு மறிச்சுக்கட்டியில் நடைபெறும். ஏறத்தாழ இன்ன நாளில் தொடங்கும். இன்னின்ன பார்களில் இவ்வளவு சிப்பி இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அது இத்தனை படகுகளுக்கு இத்தனை நாள் வேலை தரும் என்பன முதலில் வரும். படகுக்காரர்களும் குளியாளிகளும் எந்த நாளுக்குள் வந்துவிட வேண்டும் என்பது அடுத்து வரும். மறிச்சுக்கட்டி சிலாவத்துறைக்குத் தெற்கே உள்ளது. அங்கே நல்ல தண்ணீரும் உணவுப் பொருள்களும் கிடைக்கும் என்ற செய்தியும் உண்டு. ஏலத்தில் வாங்குவோர் எந்த நாணயத்தில் பணம் கட்ட வேண்டும், வங்கி உண்டியல் எந்த நிபந்தனையில் ஏற்கப்படும் என்பன இறுதியில் இருக்கும்.

நாள், இடம், வழி, வேலையின் அளவு, தண்ணீர், உணவு, பணம் ஆகிய ஏழும் ஒரே தாளில் அடங்கிவிட்டன. கீழக்கரையிலோ தூத்துக்குடியிலோ இருந்த ஒரு படகுச் சம்மாட்டி இதை வைத்தே ஆள் சேர்த்தார், முன்பணம் கொடுத்தார், கடன் வாங்கினார்.

முகாமின் ஒரு நாள்

அறிவிப்பை நம்பி வந்தவர்கள் சேர்ந்த ஊர் எப்படி இருந்தது? ஓலையும் மூங்கிலும் கொண்டு கட்டிய தெருக்கள் இருந்தன. அதிகாரிகளுக்குத் தனிக் குடியிருப்பு, காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை, தபால் தந்தி நிலையம், கடைத்தெரு ஆகியன பெரிய முகாம்களில் அமைக்கப்பட்டன. சிப்பியை இறக்கிப் பிரிப்பதற்கு வேலியிட்ட அடைப்பு ஒன்று இருந்தது. அதற்குக் 'கொட்டு' என்று பெயர்.

நிலக்காற்று வீசும் இரவில் படகுகள் புறப்பட்டு விடியலில் பாரைச் சேரும். அடையாளம் காட்டியதும் குளிப்பு தொடங்கும். ஒரு கல்லுக்கு இரு குளியாளிகள் மாறிமாறி மூழ்குவது வழக்கம். மேலே கயிறு பிடிப்பவர் கயிற்றின் அசைவை உணர்ந்து தூக்கிவிடுவார். மூச்சடக்கி இருக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் இருக்கும். நண்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கும்போது படகுகள் கரை திரும்பும்.

கொட்டில் ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று படகில் சென்றவர்களுக்கு. எந்தக் குவியல் தம்முடையது என்பது முன்கூட்டித் தெரியாததால் பிரிப்பவர்கள் சமமாகவே பிரித்தனர். அரசின் பங்கு மாலையில் ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்படும். சென்னை, பம்பாய், கீழக்கரை முதலிய இடங்களிலிருந்து வந்த வணிகர்களும், பணம் கொடுத்துவாங்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் அங்கே இருந்தனர். குளியாளிகள் தங்கள் பங்கைக் கடைத்தெருவில் சில்லறையாக விற்றனர். சில சிப்பிகளை மட்டும் வாங்கி அங்கேயே பிளந்து பார்ப்பவர்களும் உண்டு. பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது.

தண்ணீரும் நோயும்

மொத்தமாக வாங்கிய சிப்பிகளை உடனே பிளப்பதில்லை. சதை அழுகும்வரை வைத்திருந்து, பின்னர் கழுவி முத்தை எடுப்பர். பல இலட்சம் சிப்பிகள் ஒரே கடற்கரையில் அழுகும்போது எழும் நாற்றமும் ஈக்கூட்டமும் முகாமைக் கண்டவர்கள் எல்லாராலும் குறிப்பிடப்பட்டுள்ளன. அதே கரையில் பல்லாயிரம் பேர் குடித்தனம் நடத்தினர். குடிதண்ணீர் சிறிது கெட்டாலும் காலரா பரவும். 19ஆம் நூற்றாண்டில் சிப்பி தீருமுன்பே காலராவால் முகாம்கள் கலைந்ததுண்டு.

இதனால் அறிவிப்பில் வரும் 'நல்ல தண்ணீர் கிடைக்கும்' என்ற சொற்கள் வெறும் விளம்பரம் அல்ல. அரசு கொடுத்த வாக்குறுதி. அதைக் காப்பாற்றக் குளங்களையும் கிணறுகளையும் காவல் செய்தல், சிப்பி அழுகும் இடத்தைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைத்தல், நோயாளிகளைத் தனிமைப்படுத்துதல் ஆகியன படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

தூத்துக்குடியின் நிலை இதில் எளிதாக இல்லை. அந்த ஊருக்கே நல்ல தண்ணீர் அரிதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் நகராட்சித் தலைவராக இருந்த குரூசு பர்னாந்தின் முயற்சியால்தான் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியாக நகருக்கு வந்தது. ஊராரே தண்ணீருக்கு வழி தேடிய இடத்தில் வெளியூர்க் கூட்டத்துக்கும் தண்ணீர் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

நட்டம் யாருக்கு?

அறிவிப்பில் சொன்ன சிப்பிக் கணக்கு மதிப்பீடே தவிர உறுதி அன்று. மதிப்பீடு தவறினாலோ, காற்று மாறினாலோ, நோய் பரவினாலோ குளிப்பு நின்றுபோகும். அப்போது அரசுக்குக் கிடைக்க வேண்டிய வருவாய் குறையும். குளியாளிக்கோ வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும். அவருக்கு நாள்கூலி இல்லை. எடுத்த சிப்பியில் பங்கு மட்டுமே. அந்தப் பங்கிலும் படகுக்காரருக்கும் கயிறு பிடிப்பவருக்கும் கொடுக்க வேண்டும். வந்துபோகும் செலவும் அவருடையதே.

1905ஆம் ஆண்டு இலங்கைக் குளிப்பு இதன் நல்ல பக்கத்தைக் காட்டுகிறது. 300க்கும் மேற்பட்ட படகுகள் கலந்துகொண்டன. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த வெற்றியை நம்பி, 1906இல் ஒரு பிரித்தானிய நிறுமம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப்பின் சிப்பி இல்லாமற்போனது, நிறுமமும் கலைந்தது. அறிவியலாளர்களின் ஆய்வறிக்கைகளைக் கையில் வைத்திருந்த முதலாளிகளே ஏமாந்தார்கள் என்றால், ஒரு தாளை மட்டும் நம்பி வந்த குளியாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

1906ஆம் ஆண்டு முகாமில் இளம் அதிகாரியாகப் பணியாற்றியவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லியனார்டு உல்ப். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடிய அந்த ஊரை ஒரு சில அதிகாரிகள் நடத்தியதைத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாளி ஒருவர் இறந்தபோது உடன் வந்தவர்கள் அழுததையும் பதிவு செய்துள்ளார். குளிப்பின் வருவாய்க் கணக்கில் அப்படிப்பட்ட இறப்புகளுக்கு இடமில்லை.

தமிழகக் கரையின் கடைசிக் குளிப்புகள்

தூத்துக்குடிக் கரையில் 1889, 1890, 1900, 1908 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 1926 முதல் 1928 வரையிலும் குளிப்புகள் நடந்தன. 1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்துவிட்டதால் 1889 முதல் வந்த வணிகர்களும் பார்வையாளர்களும் முந்தைய தலைமுறையைவிட எளிதாக வர முடிந்தது. 20ஆம் நூற்றாண்டில் குளிப்பை நடத்தும் பொறுப்பு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்தது.

விடுதலைக்குப்பின் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்தது. அப்போதும் கல்லும் கயிறும் மூச்சும்தான் கருவிகள். 1961க்குப்பின் அரசு வணிகக் குளிப்பு எதையும் அறிவிக்கவில்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்குவதில் வெற்றி பெற்றது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. முத்துக்குளித்த குடும்பங்களில் பலர் சங்கு குளிப்பிலும் மீன்பிடிப்பிலும் துறைமுக வேலையிலும் பிழைப்பைத் தேடிக்கொண்டனர்.

வரலாற்றில் இதன் இடம்

முத்துக்குளிப்பு முகாமுக்குக் கட்டடச் சான்று எதுவும் இல்லை. ஓலையும் மூங்கிலும் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டன. மிஞ்சியவை சிப்பி ஓடுகள் மட்டுமே. அதனால் அதன் வரலாற்றை அறிவிப்புகள், கணக்குகள், பயணிகள் குறிப்புகள் ஆகியவற்றிலிருந்தே எழுத வேண்டியுள்ளது. அவை பெரும்பாலும் நடத்தியவர்கள் எழுதியவை. வந்தவர்கள் எழுதியவை மிகச் சில.

அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. பெதரிச்சி கண்ட காலத்தில் சிப்பி இருக்கும் இடத்தைச் சொன்னவர் குளியாளி. ஒல்லாந்தர் காலத்தில் அச்செய்தி அதிகாரியின் கைக்குப் போனது. பிரித்தானியர் காலத்தில் அது அச்சிட்ட தாளாகிக் குளியாளிக்கே திரும்பி வந்தது. கடலை அறிந்தவர் கடலைப் பற்றிய அறிவிப்புக்குக் காத்திருப்பவர் ஆனார். ஆனால் மூழ்கும் ஆபத்தும் நோயின் ஆபத்தும் எல்லாக் காலத்திலும் அவரிடமே இருந்தன.

ஆகவே, அந்த அறிவிப்புகளில் நாளும் இடமும் குறித்த வரிகளைவிடத் தண்ணீரைக் குறித்த ஒற்றை வரியே முக்கியமானது. பிறரை ஓரிடத்துக்கு வரச் சொல்லி அழைப்பவர், அவர்கள் உயிரோடு திரும்பிச் செல்லவும் பொறுப்பு ஏற்கிறார் என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட வரி அது. தூத்துக்குடிக்கு இன்றும் வெளியூரார் வருகின்றனர். ஆகசுடு 5இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் வருகின்றனர். கல்லூரி விளையாட்டுப் போட்டிகளுக்கு மாணவர் அணிகள் வருகின்றன. கூட்டம் சிறிதாயினும் பெரிதாயினும், வந்தவருக்கு நல்ல தண்ணீரும் படுக்க இடமும் நோய்க்கு மருந்தும் தயாராக இருக்கின்றனவா என்பதே நடத்துபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முத்துக்குளிப்பு முகாம்களில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காத ஆண்டுகளில், பாரில் சிப்பி மிஞ்சியிருந்தும் ஊர் கலைந்தது.